தங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை

முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை என்று நம்பவைப்பதுதான் அவளுடைய வேலை. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற கம்பெனி. மாடியில் நீளமான ஒரு கூடம். அதில் வரிசையாகத் தடுப்புப் பலகைகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கணினி, ஒரு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். அங்கே அவளுக்குக் குயில் என்று பெயர். குரல் அப்படி. "வணக்கம் சார், ஒரு நிமிஷம் பேசலாங்களா?" என்று அவள் ஆரம்பித்தால், போனை வைக்கப் போனவன்கூடக் கொஞ்சம் தயங்குவான். தயங்கிவிட்டுத்தான் வைப்பான்.

திட்டு வாங்காத நாள் கிடையாது. ஒருவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்து எடுத்ததாகச் சொல்லி அவள் பரம்பரையையே இழுத்தார். ஒரு அம்மாள், "உனக்கு வேற பொழப்பே கிடைக்கலியா?" என்று சீறிவிட்டு, மறு மூச்சிலேயே மனசு இளகி, "சாப்பிட்டியா?" என்று விசாரித்தாள். குயில் இரண்டுக்கும் ஒரே இனிப்போடு நன்றி சொல்வாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவது அவளுக்குப் பழகிப்போன வித்தை. ஆனால் விட்டதெல்லாம் வழியில் எங்கேயோ தேங்கிக்கொள்ளும் போலிருக்கிறது. சாயங்காலம் வீடு திரும்பும்போது காது இரண்டும் கல்லாய்க் கனக்கும். வீட்டில் யாராவது எதையாவது சொன்னால் "உம்" என்பாள். என்ன கேட்டார்கள் என்று தெரிந்து சொல்கிற "உம்" அல்ல அது.

கணவன் இதைப் புரிந்துகொண்டவன். ஏசி மாட்டுகிற வேலை அவனுக்கு. பத்தாவது மாடியின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு திருகாணி முடுக்குகிறவன், வீட்டுக்குள் டிவியைக்கூடச் சத்தமில்லாமல் படமாகத்தான் பார்ப்பான். அடங்காதவை அந்த வீட்டில் இரண்டு. ஒன்று கூடத்து மூலையில் செருப்பு அலமாரிக்கு மேலிருந்த போன். இன்னொன்று அதை எடுத்துப் பேசுகிற மாமனார்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வானத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, வீடு போலப் பெரிய இரும்புப் பெட்டகங்களைத் தூக்கி இறக்குகிற வேலை. கடல் காற்றோடும் இயந்திர இரைச்சலோடும் போட்டி போட்ட தொண்டை, ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறவில்லை. அடுத்த அறையில் இருப்பவரை அடுத்த ஊரில் இருப்பவர் போலக் கூப்பிடுவார். "அப்பா பேசறதுக்குப் போனே வேண்டாம், ஜன்னலைத் திறந்தா போதும்" என்பான் மகன்.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். கிரேனுக்குக் கீழே தளத்தில் நின்று, கொடியாலும் கையாலும் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று சைகை காட்டியவர். எல்லாருக்கும் அவர் கொடிக்காரர். மாமனாருக்கு வெறும் கொடி. வேலை நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினாலும் கேட்காது. அந்தக் கையை நம்பித்தான் மேலேயிருந்தவர் பாரத்தை இறக்கினார். அந்தக் கண்ணை நம்பித்தான் கீழேயிருந்தவர் பாரத்துக்கு அடியில் நின்றார். கொடிக்காரர் மாமனாரைக் குறிப்பிடுவது 'மேல இருக்கிறவன்' என்றுதான். "எல்லாம் மேல இருக்கிறவன் பார்த்துப்பான்" என்று அவர் சொல்லும்போது, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ரொம்ப பக்தியுள்ள மனிதர் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

கொடிக்காரருக்குக் குடும்பம் இல்லை. பக்கவாதம் வந்து வலது கையும் பாதிப் பேச்சும் போனபோது, அக்கா மகன் அவரைக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அங்கிருந்து வாரம் ஒருமுறை, குயில் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில், மாமனாருக்குப் போன் வரும். முதல் வார்த்தை வெளியே வருவதற்கே நெடுநேரமாகும். மாமனார் ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு காத்திருப்பார். "இருக்கேன்டா. மெதுவா சொல்லு. எனக்கென்ன, ரிட்டயரான பய, ஆபீசா போகப்போறேன்?" என்பார். அவர் குரலைத் தணித்துப் பேசுவது அந்த ஒரு போனில்தான் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்வதுண்டு. குயில் அதை நேரில் கேட்டதில்லை.

ஒரு நாள் அந்த அக்கா மகன் அவரை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டான். பழைய இல்லத்தில் கேட்டால், உறவுக்காரர்களைத் தவிர யாருக்கும் விவரம் தரமாட்டோம் என்றார்கள். குயில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது மாமனார் வந்து வாசலில் நின்றார்.

"கொடியை எங்கேயோ மாத்திட்டாங்களாம்மா. எந்த ஊருன்னுகூடத் தெரியலை."

"உம்."

"பரவாயில்லை, அவனே பண்ணுவான். அவனுக்கு மத்தது எது மறந்தாலும் நம்ம வீட்டு நம்பர் மறக்காது."

"உம்" என்றாள், வாயில் கிளிப்பைக் கடித்தபடி.

அந்த மாதம்தான் தொலைபேசிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, பழைய கம்பி இணைப்புகளை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். "அதான் ஆளுக்கொரு மொபைல் இருக்கே, இது எதுக்கு?" என்றான் மகன். மாமனார் மற்ற எதற்கும் பிடிவாதம் பிடிக்கிறவரில்லை. போட்டதைச் சாப்பிடுவார், கொடுத்ததை உடுத்துவார். இதில் மட்டும் அசையவில்லை. "நம்பர் மாறக் கூடாது" என்றார். மொபைலுக்கே அந்த நம்பரை மாற்றித் தருகிறேன் என்று மகன் சொன்னதற்கும், பொடிப் பொத்தானை அழுத்த என் விரலுக்கு வராது என்று முடித்துவிட்டார். கடைசியில், பழைய நம்பரை இணையம் வழியாகவே கொண்டுவருகிற சின்ன அடாப்டர் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். ஒரு பக்கம் பழைய போனின் வயரைச் செருகலாம். மறுபக்கம் இணைய ரவுட்டரிலிருந்து வருகிற வயர். நெற்றியில் ஒரு பச்சை விளக்கு, அதன் பக்கத்தில் கூப்பிடுகிறவர் எண்ணைக் காட்ட ஒரு சின்னத் திரை.

அதைச் சரிசெய்து வைக்கிற வேலை குயிலிடம் வந்தது. மகனுக்கு ஏசியின் வயிற்றைக் கிழித்துத் தைக்கத் தெரியும். கணினியில் ஒரு பெட்டிக்குள் எழுத்தைத் தட்டச் சொன்னால் வியர்க்கும். குயில் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்துக்கொண்டு, கணினியில் புள்ளி வைத்த எண்களைத் தட்டி, அதன் உள்பக்கங்களைத் திறந்தாள். எந்த எண்ணில் தொடங்கும் அழைப்பு எந்த வழியாகப் போக வேண்டும், அவசர எண்கள் எங்கும் நிற்காமல் எப்படி நேராகப் போக வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் நாத்தனார் கூப்பிட்டு யாரும் எடுக்காவிட்டால் எத்தனை தடவை மணி அடித்த பிறகு அது கணவனின் மொபைலுக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடமிருந்தது. ஒரு குறியை இடம் மாற்றிப் போட்டதில், மாமனார் முடிதிருத்துகிறவருக்குச் சுழற்றிய போன் பாதி எண்ணிலேயே பாய்ந்துபோய்த் தவறான எண் என்று திரும்பியது. "அவரும் பாதி முடிதான் வெட்டுவார், சரியாத்தான் இருக்கு" என்றார் மாமனார். குயில் சிரித்தாள். ஆபீசில் அவள் செக்கில் கட்டிய மாடு. கணினி யாரைத் தூக்கிக் காதில் போடுகிறதோ அவரோடு பேச வேண்டும். இங்கே வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். அதில் ஒரு சுகம் இருந்தது.

புது இணைப்பு வந்ததும் எப்படியோ அந்த நம்பர் நாலு பேர் கைக்குப் போய்விட்டது. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்று ஓயாமல் மணி அடித்தது. மாமனாருக்கு அதில் கஷ்டமே இல்லை. கடன் விற்க வந்த பெண்ணிடம் அவர் கிரேன் கதையைத் தொடங்கி, பாய்மர உயரத்துக்கு எழும்பிய அலையில் கப்பல் ஆடிய நாளுக்கு வருவதற்குள் அவளே போனை வைத்துவிட்டு ஓடிய கதையும் உண்டு. "பாவம், நல்ல பொண்ணு. வேலையில்லாம பேசிட்டிருந்தா" என்றார் அவர்.

கஷ்டம் குயிலுக்குத்தான். ஒவ்வொரு மணிக்கும் அவள் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. வீட்டிலும் ஹெட்போனைக் கழற்றாமல் இருப்பது போல. ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. "மாமாவை இவங்க பாடாப் படுத்தறாங்க" என்றுதான் கணவனிடம் சொன்னாள். அப்படியே தானும் நம்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனார் காய்கறி வாங்கப் போயிருந்தார். மணி அடித்தது. எண் வரவில்லை, மறைக்கப்பட்ட எண் என்று மட்டும் காட்டியது. குயில் எடுத்தாள்.

"ஹலோ."

பதில் இல்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

இந்த நிசப்தத்தை அவளைவிடத் தெரிந்தவர்கள் யார்? அவள் ஆபீஸ் இயந்திரம் ஒரே நேரத்தில் பல வீடுகளுக்கு அடிக்கும். முதலில் எடுக்கிறவரைச் சும்மா இருக்கிற பெண்ணோடு கோத்துவிடும். மற்றவர்கள் எடுத்து ஹலோ ஹலோ என்று வெறும் காற்றிடம் கத்திவிட்டு வைக்க வேண்டியதுதான். பாம்பின் கால் பாம்பறியும். வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தது. மறுபடி மூச்சு. வைக்கப்போகும் நேரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் இழுத்தது: "மே... மேல..."

மேலே இருக்கிற கடவுளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பதிவு செய்த போதனைகளைப் போட்டுவிடுகிற கூட்டமும் உண்டு. வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை அடித்தபோது எடுக்கவே இல்லை. அடுப்பில் வைத்திருந்த பால் அதற்குள் பொங்கி வழிந்திருந்தது.

பால் துடைத்த ஈரக்கையோடு கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். தெரிந்த விற்பனை எண்களின் முதல் இலக்கங்களை எல்லாம் தடுப்பில் போட்டாள். எண்ணை மறைத்துக் கூப்பிடுகிறவர்களை மொத்தமாகத் தடுக்க ஒரு கட்டம் இருந்தது. அதிலும் சரி போட்டாள். தடுக்கப்பட்டவர்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று பெட்டி விசாரித்தது. எடுக்காமலே மணி அடித்துக்கொண்டிருக்கலாம். பிஸி என்று டொக் டொக் என ஒலிக்கலாம். அல்லது ஓர் அறிவிப்பு வரலாம். அறிவிப்பின் மாதிரியைப் போட்டுக் கேட்டாள். "தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர், தங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை." ஒரு பெண் குரல். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. நாள் முழுக்க ஊரார் தனக்குச் சொல்வதை ஒரு தடவையாவது தான் யாருக்காவது சொல்லலாமே என்றிருந்தது அவளுக்கு. அதையே தேர்ந்தெடுத்தாள்.

மாமனார் பையோடு உள்ளே வந்ததும் சொன்னாள். "இனிமே வேண்டாத போன் ஒண்ணும் வராது மாமா. நிம்மதியா இருங்க."

"அப்படியா? கொடி பண்ணினா வருமில்லம்மா?"

"மனுஷங்க பண்ணினா வரும் மாமா. மெஷின் பண்ணினாத்தான் வராது."

அவர் தலையாட்டிக்கொண்டு வெண்டைக்காயை முறத்தில் கொட்டினார்.

வீடு அமைதியானது. குயில் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரைகூடத் தூங்கினாள். மாமனார்தான் காய்கறிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார்.

"லைன் இருக்காம்மா?"

"இருக்கு மாமா. பச்சை விளக்கு எரியுதே."

நம்பிக்கை வராமல் மகனை மொபைலிலிருந்து அடிக்கச் சொல்வார். மணி கணீரென்று அடிக்கும். அதற்குப் பிறகு போனைக் குறை சொல்ல வழியில்லை. குறை வேறெங்கோதான் இருக்க வேண்டும் என்று அவர் தேட ஆரம்பித்தார். தேடி, தன்னிடமே ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு சாயங்காலம் மகனிடம் சொன்னதை, சமையலறையில் இருந்த குயிலும் கேட்டாள்.

"கடைசியாப் பேசினப்ப அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன்டா. ரொம்ப நேரமா ஒரு வார்த்தைக்குத் தவிச்சான். 'பேச வரலைன்னா எதுக்குடா போன் பண்றே, கொடியை ஆட்டு, எனக்குத் தெரியும்'னேன். சும்மா சிரிக்கத்தான் சொன்னேன். அவன் சிரிக்கலை."

"அதுக்கெல்லாம் கோவிச்சுப்பாராப்பா?"

"முன்னே இருந்த கொடி கோவிச்சுக்க மாட்டான். இப்ப இருக்கிறவனைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

குயில் அதைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவி முடித்தாள். வயசானவர்களுக்குள் ஆயிரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறைத்த எண், ஞாயிற்றுக்கிழமை, மூச்சுச் சத்தம் எல்லாம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. கோத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மாமனாரின் குரல் அந்த மாதங்களில் மெல்ல மெல்லத் தணிந்தது. வீட்டில் எல்லாரும் அதை வயசு என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு வேலை நாளில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குயிலுக்குக் குரல் இல்லாவிட்டால் ஆபீசில் வேலை இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாள். மாமனார் மருந்துக்கடைக்கு அவளுக்காகத்தான் போயிருந்தார். போன் அடித்தது. ஏதோ ஒரு மொபைல் எண்.

"கிரேன் ஓட்டினவர் வீடுங்களா? நான் முதியோர் இல்லத்துல நர்ஸ் பேசறேன். இது என் சொந்தப் போன். ரொம்ப நாளா உங்க வீட்டுக்கு ட்ரை பண்றோம்."

"சொல்லுங்க" என்றாள் குயில், கம்மிய குரலில்.

"இங்க ஒருத்தர் இருக்கார். கொடிக்காரர்னு உங்க வீட்டுல சொல்வாங்களாம். ஞாயித்துக்கிழமை காலையிலதான் எங்க ஆபீஸ் போனை எல்லாருக்கும் தருவோம். இவர் வாராவாரம் முதல் ஆளா வந்து நிப்பார். இடது கையாலயே நம்பரைத் தட்டுவார், ஒரு தப்பு வராது. தட்டிட்டுக் காதுல வெச்சுக் கேப்பார். பேசாம வெச்சிட்டுப் போயிடுவார். யாரும் எடுக்கலை போலன்னு நாங்களும் இருந்துட்டோம். ஒரு நாள் நான் வாங்கிக் கேட்டேன். 'தங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை'ன்னு ஒரு பொம்பளை சொல்றா. ஏங்க, உங்களுக்கு அவர்மேல ஏதாவது வருத்தமா?"

"உங்க ஆபீஸ் நம்பர் வெளிய தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. பெரிய இல்லம், எல்லா லைனும் மறைச்சுத்தான் போகும்."

"இப்ப அவர்கிட்டக் குடுக்க முடியுமா? மாமா இப்ப வந்துடுவார். நான் லைன்லயே இருக்கேன்."

"அதுக்குத்தாங்க கூப்பிட்டேன். போன மாசம் அவருக்கு மறுபடி ஒரு ஸ்ட்ரோக் வந்துது. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா இருந்த பேச்சும் போயிடுச்சு. ஒருவேளை தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா நல்லதோன்னு..."

களையெடுக்கப் போன கை பயிரைப் பிடுங்கியிருந்தது. முகவரியை வாங்கிக்கொண்டு, போனை வைத்து, முதல் வேலையாகக் கணினியைத் திறந்து அந்தக் கட்டத்தில் போட்ட சரியை எடுத்தாள். ஒரு விரல் தட்டல்தான். போட்டதும் அப்படித்தான்.

மாமனார் மருந்தோடு வந்தார். வெந்நீரில் கலந்து குடி என்று கடைக்காரர் சொன்னதை இரண்டு தடவை சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டு, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் எடுத்து வைத்த இரண்டு போன்களையும், 'மேல' என்ற சத்தத்தையும் சொன்னாள். கடவுளைப் பற்றிய போன் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வராம நிறுத்தினா, அந்தப் பக்கம் என்னம்மா கேக்கும்?"

"இப்ப பேச முடியாதுன்னு... அது மாதிரி சொல்லும் மாமா."

"சரி" என்றார். "அப்ப பிறகு பேசலாம்னு நினைச்சிருப்பான்."

அவ்வளவு சொன்னவள் அந்த ஒன்றை மட்டும் ஏன் மாற்றிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அவளால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். வாக்கியங்களைச் சொல்லித்தான் அவள் சம்பளம் வாங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனார்கள். இல்லத்தின் தாழ்வாரத்தில் டெட்டால் வாசனை. ஜன்னலோரக் கட்டிலில் கொடிக்காரர் சாய்ந்திருந்தார். குயில் அவரை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். பெரிய ஆள் என்று நினைத்திருந்தாள். கட்டிலில் பாதிகூட நிரம்பவில்லை. வலது கை தலையணைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது.

"டேய் கொடி" என்றார் மாமனார்.

கொடிக்காரர் பார்த்தார். கண் அடையாளம் கண்டுகொண்டது, அதில் சந்தேகமில்லை. பிறகு மெதுவாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போன் கெட்டுப்போச்சுடா. புதுசா ஒரு டப்பா வாங்கினோம். நான்தான் என்னத்தையோ அழுத்திக் கெடுத்துட்டேன். இந்த வயசுல நமக்கெதுக்கு அந்த வேலையெல்லாம்."

நர்ஸ் நல்ல மனசுக்காரி. நோயாளிக்குப் புரிய வேண்டுமே என்று அவர் காதருகே குனிந்து, உரக்க எடுத்துச் சொன்னாள். "கேட்டீங்களா தாத்தா? 'தங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை'ன்னு சொல்லிச்சே, அது அவர் சொன்னதில்லையாம். மெஷினாம்."

மாமனார் தலையைத் திருப்பிக் குயிலை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபத்தைத் தாங்குவதுதான் அவள் தொழில். நீயா என்று புதிதாக ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு திரும்பி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், கொடிக்காரரின் முகத்துக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். "நான் சொல்லலைடா" என்றார். "நான் சொல்வேனாடா?" அந்தக் கை விலகவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகன் நின்றுகொண்டு வந்தான். மாமனாருக்குப் பக்கத்தில் குயில்.

"மாமா, நான் அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"ஆமாம்மா" என்றார், வெளியே பார்த்தபடி. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது, எப்போதும்போல அவள் பையைத் தான் வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

அதற்குப் பிறகு ஒரு வேலை நாளில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவள் தனியாக அந்த இல்லத்துக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மெஷினும் இல்லை, மாமாவும் இல்லை, நான்தான் என்று முழுவதையும் சொன்னாள். கொடிக்காரர் கவனமாகக் கேட்டார். அவள் முடித்ததும் நர்ஸைப் பார்த்தார், இது யார் என்பதுபோல. "மருமக தாத்தா, அவரோட மருமக" என்றாள் நர்ஸ். அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தலையசைப்பதுபோல அசைத்து, உட்காரச் சொல்லி ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். மன்னித்தார் என்றும் சொல்ல முடியாது, மன்னிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவருக்கு அவள் யாருமில்லை. அவர் கணக்கு முழுக்க மேலே இருக்கிறவனோடு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார்தான் போன் போடுகிறார். நர்ஸின் மொபைலுக்கு அடித்தால், அவள் அதைக் கொடிக்காரரின் காதில் வைத்துப் பிடிப்பாள். இவர் பேசுவார், அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். மாதம் ஒரு தடவை நேரிலும் போய்வருகிறார். முதல் நாள் போல முகத்தைத் திருப்புவதில்லையாம். அவ்வளவுதான் முன்னேற்றம்.

தடுப்பில் போட்டிருந்த எல்லாவற்றையும் குயில் எடுத்துவிட்டாள். கடனும் காப்பீடும் பழையபடி வந்து குவிகின்றன. கணவனுக்கே பொறுக்கவில்லை. "அந்த மறைச்ச நம்பரை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தடுத்துடேன், குயிலு. உனக்குத்தான் தெரியுமே" என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். மணி அடித்தால் எடுக்கிறாள். நிசப்தமாக இருந்தால் வைக்காமல் நிற்கிறாள். பெரும்பாலும் வெறும் இயந்திரம்தான், அதுவாகவே துண்டித்துக்கொள்ளும். மாமனார் எடுத்தால் "வேண்டாம்மா" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடுகிறார். கடன் விற்கிற பெண்களுக்குக் கிரேன் கதை இப்போது கிடைப்பதில்லை.

ஒரு நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

"நீ அதையே நினைச்சுட்டிருக்கேன்னு இவன் சொன்னான்" என்றார், தணிந்த குரலில். "அப்படி ஒண்ணும் பெரிசா இல்லைம்மா. அந்த மாசமெல்லாம் பேசியிருந்தாலும் அவன் என்ன சொல்லியிருக்கப்போறான்? 'அங்க மழையா?'ன்னு கேப்பான். அதைக் கேக்கறதுக்குள்ளயே மூச்சு வாங்கிடும். நான் 'இல்லைடா, வெயில்'னு சொல்வேன். அவ்வளவுதான் எங்க பேச்சு."

குயில் கையிலிருந்த துணியைப் பார்த்தபடியே இருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. மடித்த துண்டை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, அவர் அடுத்ததை எடுத்தார்.